தொழில் போனால் பெயரும் போகுமா?

(நம் ஆலய ஆண்டுத் திருவிழாவின் எட்டாம் நாள் இரவு, பூசைக்குப் பின்னர் ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

திருவிழாக் காலத்தில் புராணச் சொற்பொழிவு கேட்டுப் பழகிய உங்கள் முன், இன்று சற்று வேறான ஒரு பொருளைப் பற்றிப் பேச நிர்வாகத்தினர் எனக்கு வாய்ப்பளித்துள்ளனர். நெருக்கடி வரும் காலத்தில் மனிதனின் தொழில் மாறுகிறது. தொழில் மாறும்போது, சமுதாயம் அவனை அழைக்கும் பெயரும் அவன் தன்னைப்பற்றிக் கொண்டிருந்த எண்ணமும் மாறிவிடுகின்றன. அந்த நேரத்தில் அவன் நிற்பதற்கு ஓர் இடம் இருக்கிறதா என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் வினாவாகும்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியவனாக இருக்கிறேன். இஃது என்னுடைய குறையைப் பற்றியது.

ஐந்தாம் நாள் உபயம்

நம் ஆலயத்தின் ஐந்தாம் நாள் உபயத்தைப் பதினான்கு ஆண்டுகள் இடைவிடாது ஏற்று நடத்திய அன்பர் ஒருவர் உண்டு. அவருடைய ஒப்புதலைப் பெற்றே இதனைச் சொல்கிறேன். பெயரை மட்டும் சொல்லவில்லை. ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சில மாதங்களில் அவருக்கு வேலை போயிற்று. ஆலயக் கதவுகளும் மூடியிருந்த காலம் அது. பின்னர் 2022இல் திருவிழா மீண்டும் நடைபெற்றபோது அவர் வரவில்லை. உபயப் பட்டியலைத் தயாரித்த செயலாளர் நான்தான். இருமுறை தொலைபேசியில் அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. ஐந்தாம் நாளை வேறொரு குடும்பத்திற்கு ஒதுக்கிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அவருடைய வீடு ஆலயத்திலிருந்து மூன்று தெரு தள்ளியே இருந்தது. நான் போய்க் கதவைத் தட்டவில்லை.

ஓராண்டு கழித்து ஒரு துக்க வீட்டில் அவரைச் சந்தித்தேன். அப்போது அவர் சொன்னார்: "ஐயா, மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். கோயிலுக்கு எதிர் வீட்டுக்கே பலமுறை வந்திருக்கிறேன். மணியோசை கேட்கும். தலைக்கவசத்தைக் கழற்றாமல் சாலைக்கு அந்தப்பக்கம் நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவேன். உபயக்காரராக வந்த இடத்திற்கு எந்த முகத்தோடு வருவது?"

அவர் மேலும் சொன்ன ஒரு செய்தி என்னை உறங்கவிடவில்லை. வேலையை விட்டு நீக்கியபோது, அவரையே பணிவிலகல் கடிதம் எழுதித் தரும்படி நிர்வாகம் கேட்டிருக்கிறது. கௌரவமாகப் போய்விடலாம் என்று எண்ணி அவரும் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டம் 2018 முதல் நம் நாட்டில் நடப்பில் உள்ளது. வேலை இழந்தவர் 60 நாள்களுக்குள் விண்ணப்பித்தால் சில மாதங்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். ஆனால், தாமாகவே விலகியவர்க்கு அஃது இல்லை. இதனை எடுத்துச் சொல்ல அவருக்கு யாருமில்லை. நம் ஆலயத்திற்கு வெள்ளிதோறும் வரும் ஓர் அன்பர் இத்தகைய விவகாரங்களிலேயே முப்பதாண்டுகள் பணிபுரிந்தவர். இருவரும் பல்லாண்டுகள் ஒரே சன்னிதியில் அருகருகே நின்று கும்பிட்டவர்கள். ஆயினும் ஒருவர் என்ன வேலை பார்த்தார், மற்றவர் என்ன வேலையை இழந்தார் என்பது ஒருவர்க்கொருவர் தெரியாமற் போயிற்று.

எந்தத் தோட்டம்?

அன்பர்களே, இவ்வாறு தொழிலை இழப்பதும் அதனோடு பெயரை இழப்பதும் நம் சமுதாயத்திற்குப் புதியன அல்ல. நம் முன்னோர் இதனைப் பலமுறை கண்டு மீண்டவர்கள்.

மூத்தோர் இருவர் புதிதாகச் சந்தித்தால் முதற்கேள்வி "எந்தத் தோட்டம்?" என்பதாகவே இருக்கும். அந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கியிருந்தது. விடியுமுன் பெரட்டு, பால்மரக் காடு, லயத்து வீடு, ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில் ஆகிய யாவும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. வேலையும் வீடும் ஒரே முதலாளியின் கையில் இருந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது. வேலை போனால் சம்பளம் மட்டும் போவதில்லை. கூரையும் அண்டை அயலும் சேர்ந்தே போயின.

உலகப் பொருளாதார மந்தத்தின்போது ரப்பர் விலை வீழ்ந்தது. 1930 முதல் 1932 வரை ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். காடழித்து மரம் வளர்த்த கைகள், விலை விழுந்தவுடன் வேண்டாத கைகளாயின. ஊருக்குத் திரும்பியவர்களுள் பலருக்கு அங்கே நிலமும் இல்லை, வேலையும் இல்லை. இங்கே கூலி என்று அழைக்கப்பட்டவர், அங்கே அக்கரையிலிருந்து வெறுங்கையோடு வந்தவர் ஆனார்.

எஞ்சியவர்கள் தலைகுனிந்தே இருந்துவிடவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை நினைவிற் கொள்ளுங்கள். சீனத் தொழிலாளர்க்கு இணையான சம்பளம் கேட்டார்கள். அத்தோடு மற்றுமொரு கோரிக்கையையும் முன்வைத்தார்கள். துரையையோ கிராணியையோ வழியில் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. சம்பளப் பேச்சுக்கு நடுவே சைக்கிள் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். தன்னை யார் என்று பிறர் கருதுகிறார்கள் என்பது கூலியைப் போலவே அவர்களுக்கு முக்கியமாயிருந்தது. அந்தப் போராட்டத்தை அரசு படைகொண்டு அடக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். தலைமையேற்ற ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

சப்பானியர் காலம்

அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. குதிரையிலும் காரிலும் வலம்வந்த துரைமார்கள் தப்பியோடியதையும் கைதிகளானதையும் தோட்ட மக்கள் கண்ணாரக் கண்டனர். ரப்பருக்குச் சந்தை இல்லாமற் போயிற்று. பால் வெட்டியவர்கள் மரவள்ளிக் கிழங்கு நட்டார்கள். கோணிச் சாக்கை உடுத்தினார்கள்.

பல்லாயிரவர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் அப்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர்களுக்குக் கணக்கெழுதியவர் யாருமில்லை. போர்க்கைதிகளாயிருந்த வெள்ளையர்க்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர் பெரும்பாலோர்க்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. என் பாட்டியாரின் மூத்த தமையனார் அவ்வாறு போனவர். வீட்டில் அவருக்குத் திதி கொடுப்பதற்கு நாள் தெரியாது. ஆடி அமாவாசையன்று பொதுவில் கொடுப்பதே எங்கள் குடும்ப வழக்கம்.

அதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1943 சூலையில் நேதாசி சுபாசு சந்திர போசு சிங்கப்பூர் வந்தார். அக்டோபரில் சான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் அங்கே தொடங்கியது. டாக்டர் இலட்சுமி அதற்குத் தலைமை தாங்கினார். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்த சானகி தேவரும், பால்வாளி சுமந்த தோட்டத்துப் பெண்களும் ஒரே வரிசையில் நின்று துப்பாக்கி பிடிக்கக் கற்றனர். முன்னாள்வரை அப்பெண்களுக்குப் பெரட்டுப் புத்தகத்தில் ஒரு வரிதான் அடையாளம். இப்போதோ அவர்கள் சிப்பாய்கள். போர் முடிந்ததும் பெரும்பாலோர் பழைய வேலைக்கே திரும்பினர். மரமும் கத்தியும் அவையேதாம். ஆனால், திரும்பியவர்கள் பழைய மனிதர்கள் அல்லர். 1946 முதல் தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் வலுவாக எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. சானகி தேவர் பின்னாளில் சானகி ஆதி நாகப்பனாக நாடாளுமன்ற மேலவையில் அமர்ந்தார். அதே படையில் இருந்த இராசம்மா பூபாலன் ஆசிரியையாகி, பெண் ஆசிரியர்க்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார்.

பத்துப் பத்து வெள்ளி

விடுதலைக்குப் பின்னர் வந்த நெருக்கடி வேறு வகையானது. ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுவிற்பனை செய்தனர். பரம்பரையாக உழைத்தவர்கள் ஓர் அறிவிப்புக் கடிதத்தில் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அந்நிலையில் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் முன்னின்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தோட்டந்தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேமிக்கும்படி தொழிலாளரிடம் கேட்டார். மறு ஆண்டே கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. வெட்டிய மரத்தில் தனக்கும் ஒரு பங்குண்டு என்று தொழிலாளி சொல்லக்கூடிய நிலை அன்று பிறந்தது.

எல்லாரும் அவ்வாறு காக்கப்படவில்லை. 1969இல் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டுக் கட்டாயமாயிற்று. சிவப்பு அடையாள அட்டையோடு முப்பதாண்டுகள் உழைத்தவர், தாம் அந்நியர் என்பதை அன்றுதான் அறிந்தார். பல்லாயிரவர் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறினர். 1980களிலும் 1990களிலும் ரப்பர் மரங்கள் செம்பனைக்கும், பின்னர் வீடமைப்புத் திட்டங்களுக்கும் இடம் விட்டன. ஆண்கள் லாரி ஓட்டவும் காவல் வேலைக்கும் போயினர். பெண்கள் மின்னியல் தொழிற்சாலைகளின் பேருந்துகளில் ஏறினர். நம் ஆலயமும் அத்தகைய ஒரு தோட்டத்துக் கோயிலாக இருந்து இந்தத் தாமானுக்கு வந்ததே என்பதை மூத்தோர் அறிவர். அம்மனை இங்கே எழுந்தருளச் செய்த நாளில், சிதறிப்போன குடும்பங்கள் எங்கெங்கிருந்தோ பேருந்து பிடித்து வந்து சேர்ந்தன. "எந்தத் தோட்டம்?" என்ற கேள்விக்கு விடையாக இந்த ஆலயம் ஒன்றே அவர்களுக்கு எஞ்சியிருந்தது.

அத்தியாவசியப் பணியாளர்

இனி நம் கண்முன் நடந்ததற்கு வருவோம். 2020இல் புதிய சொல் ஒன்று பிறந்தது: அத்தியாவசியப் பணியாளர். குப்பை அள்ளுபவர், மருத்துவமனையைத் துப்புரவு செய்பவர், லாரி ஓட்டுநர், காவலாளி ஆகியோர் அனைவரும் திடீரென நாட்டுக்கு இன்றியமையாதவர் ஆயினர். பெரிய பதவிகளில் இருந்தோர் வீட்டுக்குள் அமர்ந்திருக்க, இவர்கள் வெளியே போனார்கள். பெயர் உயர்ந்தது; சம்பளமோ பெரிதாக உயரவில்லை. நோய் தணிந்ததும் அந்தப் பெயரையும் நாம் மறந்துவிட்டோம்.

சிங்கப்பூரில் வேலை செய்துவந்த நம் நாட்டவரின் நிலை மற்றொரு துயரம். நாள்தோறும் பாலம் கடந்து போய் வந்தவர்கள் அந்த மார்ச்சு மாதத்தில் ஏதேனும் ஒரு கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. அக்கரையில் தங்கியோர் பிள்ளைகளின் முகத்தை நெடுநாள் தொலைபேசியில் மட்டுமே கண்டனர். இக்கரையில் தங்கியோர் வேலையை இழந்தனர். 2022 ஏப்ரல் முதல் நாளன்றுதான் பாலம் முழுமையாகத் திறந்தது.

ஊழியர் சேமநிதியிலிருந்து 2020 முதல் 2022 வரை சிறப்பு அனுமதியின்வழி மக்கள் எடுத்த தொகை 145 பில்லியன் ரிங்கிட். அது முதுமைக்கு வைத்திருந்த சோறு. 2021இன் நடுவில் உணவில்லாத வீடுகளின் முன்னே வெள்ளைக் கொடி கட்டும்படி கேட்டுக்கொண்டார்கள். கொடியைக் கண்டு அண்டை வீட்டார் இன வேறுபாடின்றி அரிசியோடு வந்தனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும், கொடி கட்டவும் கூசிய வீடுகள் எத்தனை இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஐந்தாம் நாள் உபயக்காரர் கொடி கட்டவில்லை.

திருவீழிமிழலையின் படிக்காசு

இவ்விடத்தில் பெரியபுராணத்துச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. அப்பர் பெருமானும் ஞானசம்பந்தரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்த காலத்தில் கொடிய பஞ்சம் வந்தது. அடியார்கள் பசியால் வாடாமலிருக்க, இறைவன் நாள்தோறும் பீடத்தில் இருவர்க்கும் படிக்காசு வைத்தருளினார். அக்காசைக் கொண்டு இருவர் மடங்களிலும் அமுது படைக்கப்பட்டது. கைத்தொண்டு செய்த அப்பருக்குக் கிடைத்த காசு குறையற்றதாயிருந்தது என்றும், சம்பந்தரின் காசுக்கு வட்டம் கேட்டதால் அவர் மடத்தில் அமுது தாமதமாயிற்று என்றும் அவ்வரலாறு கூறும்.

இதனைப் பன்முறை கேட்டிருக்கிறோம். உழவாரம் பிடித்த கையின் பெருமையைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்பர் பெருமானே தொழிலும் பெயரும் பலமுறை மாறியவர். மருள்நீக்கியாராகப் பிறந்தார், சமணர் தலைவராகத் தருமசேனர் என்று போற்றப்பட்டார், சூலை நோய் வந்தபோது அந்தப் பதவியையும் பெயரையும் விட்டு நீங்கித் தமக்கையாரிடம் திரும்பினார். திலகவதியார் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. திருநீறு கொடுத்து உள்ளே அழைத்துச் சென்றார். பின்னர் அவர் கையில் ஏறியது உழவாரம். நோயுற்று, இருந்த இடத்தை இழந்து வந்த தம்பிக்கு ஒரு தமக்கை செய்ததைத்தான் ஓர் ஆலயமும் செய்ய வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்தாகும்.

நாம் செய்யத்தக்கவை

ஆகவே, நிர்வாகத்தின் பரிசீலனைக்குச் சில கருத்துகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் உறுப்பினர் விண்ணப்பப் படிவம். அதில் பெயர், அடையாள அட்டை எண், முகவரி ஆகியவற்றுக்குப் பின் தொழில் என்றொரு கட்டம் உள்ளது. 2023இல் உறுப்பியம் புதுப்பித்தபோது சிலர் அதனை வெறுமையாக விட்டிருந்தனர். நான் பென்சிலால் வட்டமிட்டு, பூர்த்தி செய்க என்றெழுதித் திருப்பி அனுப்பினேன். அவற்றுள் இரண்டு திரும்பி வரவே இல்லை. அந்தக் கட்டத்தை எடுத்துவிடுவோம். அதற்குப் பதிலாக, ஆலயத்துக்கும் அன்பர்க்கும் எவ்வகையில் கைகொடுக்க இயலும் என்று கேட்போம். அதனடியில், ஆலயத்திடமிருந்து எவ்வுதவி வேண்டும் என்றும் கேட்போம்.

இரண்டாவது, சொக்சோ, சேமநிதி, தொழிலாளர் சட்டம் ஆகியவற்றை அறிந்த அன்பர்கள் நம்முள் இருக்கின்றனர். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பூசைக்குப் பின் ஒருமணி நேரம் அவர்கள் இந்த மண்டபத்தில் அமரட்டும். எந்தக் கடிதத்திலும் கையொப்பமிடுமுன் இங்கே வந்து காட்டுங்கள் என்று இளைஞர்க்குச் சொல்வோம்.

மூன்றாவது, உபயம். ஒரு நாளை ஒரு குடும்பம் மட்டுமே ஏற்க வேண்டும் என்பது விதியன்று, பழக்கம். நால்வர் ஐவர் கூடி ஏற்கலாம். பெயர்ப் பட்டியலில் தொகையைக் குறிப்பிட வேண்டியதில்லை. பாத்திரம் துலக்கியவர் பெயரும் அதே வரிசையில் இடம்பெறட்டும்.

நான்காவது, இஃது எனக்கே நான் சொல்லிக்கொள்வது. ஓர் அன்பர் இரண்டு மாதம் கண்ணிற் படவில்லையென்றால், தொலைபேசியில் அழைத்ததோடு கடமை முடிந்துவிட்டதாகக் கருதலாகாது. போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

நெருக்கடி இனியும் வரும். இயந்திரம் வந்து வேலையைப் பறிக்கலாம், நோய் வரலாம், நிறுவனம் வேறு நாட்டுக்குப் பெயரலாம். அவற்றைத் தடுக்கும் ஆற்றல் ஓர் ஆலய நிர்வாகத்துக்கு இல்லை. ஆனால், வேலையை இழந்தவர் அதனோடு நம்மையும் இழந்துவிடாமல் பார்த்துக்கொள்ள நம்மால் இயலும்.

மூன்று நாள்களுக்குமுன் நடந்த ஐந்தாம் நாள் உபயத்தை நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஏற்றன. அந்த நால்வருள் நம் அன்பரும் ஒருவர். அன்று மாலை அவர் மோட்டார் சைக்கிளை ஆலய வாசலிலேயே நிறுத்தினார். தலைக்கவசத்தைக் கழற்றிக் காலணி வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு, நேரே அன்னதானக் கூடத்துக்குப் போய் வாளியை எடுத்துச் சாம்பார் பரிமாறத் தொடங்கினார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பந்தியில் இருந்த என் இலைக்கும் அவர் வந்தார். நான் போதும் என்று கைகாட்டியும், அவர் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டே போனார்.